அக்கேசியா: ஒரு பேரினப் பெயர் இடம்பெயர்ந்த வரலாறு

அக்கேசியா என்பது அவரைக் குடும்பமான பபேசியேயைச் சேர்ந்த பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இப்பேரினத்தில் ஏறத்தாழ 1,350 சிற்றினங்கள் அடக்கப்பட்டிருந்தன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆத்திரேலியா, அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வெப்பமண்டல, மிதவெப்பமண்டல நிலங்களில் இவை பரவியிருந்தன. தமிழ்நாட்டில் வளரும் கருவேலம், வெள்வேல், குடைவேல், சீகைக்காய் ஆகியவற்றையும் காசுக்கட்டி எடுக்கப்படும் மரத்தையும் பழைய தாவரவியல் நூல்கள் அக்கேசியா என்றே குறிப்பிடுகின்றன. இன்றைய வகைப்பாட்டை ஏற்பவர்கள் இவற்றுள் ஒன்றைக்கூட அக்கேசியா என்று எழுதுவதில்லை. அப்பெயர் இப்போது பெரும்பாலும் ஆத்திரேலிய மரங்களைக் குறிக்கிறது.

ஒரு பெரிய பேரினம் பல பேரினங்களாகப் பிரிக்கப்படுவது தாவரவியலில் புதிதன்று. அக்கேசியாவின் வரலாற்றில் புதுமையானது, பிரித்த பிறகு பழைய பெயர் யாருக்கு என்ற கேள்விக்குக் கிடைத்த விடை. வழக்கமான விதிப்படி அப்பெயர் கருவேலத்துடன் நின்றிருக்க வேண்டும். ஒரு வாக்கெடுப்பின் விளைவாக அது வேறு கண்டத்துக்குச் சென்றது.

பெயரின் தோற்றம்

அக்கேசியா என்ற சொல் பழங்காலக் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ், எகிப்தில் வளர்ந்த ஒரு முள்மரத்தையும் அதிலிருந்து பெறப்படும் மருந்துப் பொருளையும் 'அக்காக்கியா' என்று குறிப்பிட்டார். கூர்முனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவது வழக்கம். அந்த எகிப்திய முள்மரம் நைல் ஆற்றங்கரையில் வளரும் கருவேலமே எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே, இப்பெயர் தொடக்கத்திலேயே முள்ளோடும் கருவேலத்தோடும் பிணைந்திருந்தது.

ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் புதிய நாட்டு மரங்கள் வந்தபோது இச்சொல் பல செடிகளுக்கு வழங்கப்பட்டது. வட அமெரிக்காவிலிருந்து சென்ற ரொபீனியா மரத்துக்கு லின்னேயஸ் இட்ட 'சூடோ அக்கேசியா' என்ற அடைமொழிக்குப் 'போலி அக்கேசியா' என்பது பொருள். மறுபுறம், ஆத்திரேலிய அக்கேசியாவின் மஞ்சள் பூக்கள் பிரான்சு நாட்டுக் கடைகளில் 'மிமோசா' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மக்கள் வழக்கில் பெயர்கள் இவ்வாறு ஒன்றோடொன்று கலப்பதைத் தவிர்க்கவே அறிவியல் பெயர்சூட்டும் முறை தோன்றியது.

லின்னேயசும் மில்லரும்

சுவீடன் நாட்டு அறிஞர் கரோலஸ் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டேரம்' என்ற நூல் தாவரங்களுக்கான இருசொற் பெயரிடலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நூலில் அவர் கருவேலத்தை மிமோசா பேரினத்துள் வைத்து 'மிமோசா நிலோட்டிக்கா' என்று பெயரிட்டார். அதாவது நவீனத் தாவரவியலில் கருவேலத்தின் முதற்பெயர் அக்கேசியா அன்று. தொட்டாற்சுருங்கியும் கருவேலமும் அன்று ஒரே பேரினத்தில் இருந்தன.

அடுத்த ஆண்டே, இலண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்தின் பொறுப்பாளரான பிலிப் மில்லர் தமது 'தோட்டக்காரர் அகராதி'யின் சுருக்கப் பதிப்பில் அக்கேசியாவைத் தனிப் பேரினமாகக் காட்டினார். 1754இல் வெளிவந்த அந்தப் பதிப்பே அக்கேசியா என்ற பேரினப் பெயரின் முறையான தொடக்கமாக ஏற்கப்படுகிறது. 1806இல் செருமானியத் தாவரவியலாளர் கார்ல் வில்டெனோ பல சிற்றினங்களை மிமோசாவிலிருந்து அக்கேசியாவுக்கு மாற்றினார். இதே காலகட்டத்தில் ஆத்திரேலியாவிலிருந்து புதிய செடிகள் ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுள் பலவற்றுக்கு முள் இல்லை. கருவேலத்தின் நுண்ணிய சிற்றிலைகளும் இல்லை. இலைக்காம்பே தட்டையாகி இலைபோல் இயங்கியது. ஆயினும் பூவில் எண்ணற்ற மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று இணையாமல் இருந்ததால் அவையும் அக்கேசியாவில் சேர்க்கப்பட்டன.

பெந்தாமின் ஆறு பிரிவுகள்

இப்பேரினத்துக்கு நிலையான வரையறை தந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தாம். 1842இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தனித்தனியான பல மகரந்தத்தாள்கள் கொண்டவையே அக்கேசியா என்று வரம்பிட்டது. தாள்கள் கீழ்ப்பகுதியில் குழாய்போல் இணைந்திருந்தால் அது வாகை போன்ற பிற பேரினங்களுக்குச் செல்லும். தாள்கள் பத்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மிமோசா போன்றவற்றுக்குச் செல்லும். 1875இல் அவர் வெளியிட்ட பெரிய திருத்த நூலும் இந்த வரம்பையே பின்பற்றியது.

பெந்தாம் அக்கேசியாவை ஆறு பிரிவுகளாகப் பகுத்தார். அவற்றுள் மூன்று பெரும்பாலும் ஆத்திரேலியாவுக்குரியவை. நான்காவது, கருவேலம் போல இலையடிச் செதில்கள் இணைமுட்களாக மாறியவை. ஐந்தாவது, சீகைக்காய் போலக் கொக்கி முட்கள் கொண்டவை. ஆறாவது, அமெரிக்காவைச் சேர்ந்த முள்ளற்ற சிறிய குழு. பின்னாளில் நிகழ்ந்த பிரிவினை இந்த எல்லைகளையே பெரிதும் பின்பற்றியது. வேறுபாடுகளைப் பெந்தாம் கண்டிருந்தார். அவற்றைத் தனிப் பேரினங்களாக ஆக்கும் அளவுக்குப் பெரியவையாக அவர் கருதவில்லை.

தென்னிந்தியத் தாவரநூலில் ஒரு பெயர்

பெந்தாமின் கட்டுரைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, இவ்வரலாற்றில் பின்னர் முதன்மை பெறவிருந்த ஒரு பெயர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றில் அச்சாகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் இந்தியா வந்த இசுக்காத்துலாந்துக்காரர் ராபர்ட் வைட், சென்னை மாகாணத்தில் ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் அவருக்காகத் தாவரப் படங்களை வரைந்தனர். விடுப்பில் தாயகம் சென்றபோது தம் சேகரிப்பை எடுத்துச் சென்ற வைட், ஜார்ஜ் வாக்கர் ஆர்நாட் என்ற தாவரவியலாளருடன் இணைந்து, தென்னிந்தியத் தாவரங்களின் முன்னோடி நூலை 1834இல் வெளியிட்டார்.

அந்நூலில் இருவரும் கஸ்தூரிவேல் என்ற மணமுள்ள மஞ்சள் பூச்செடியை அக்கேசியாவிலிருந்து பிரித்து, 'வாச்செல்லியா' என்ற புதிய பேரினத்தை உருவாக்கினர். அதன் காய் பருத்து, உள்ளே சதைப்பற்றுடன், விதைகள் இரண்டு வரிசையாக அமைந்திருந்ததே காரணம். சீனாவில் தாவரங்களைச் சேகரித்த மதகுரு ஜார்ஜ் வாச்செல் என்பவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. கஸ்தூரிவேலின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அதன் 'பார்னீசியானா' என்ற அடைமொழி உரோம் நகரின் பார்னீசு தோட்டத்திலிருந்து வந்தது. 1842இல் பெந்தாம் வாச்செல்லியாவை மீண்டும் அக்கேசியாவுக்குள் சேர்த்துவிட்டார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பெரும்பாலும் ஓர் ஒத்தபெயராகவே நூல்களில் கிடந்தது.

அதே 1834ஆம் ஆண்டு நூலில்தான் வைட்டும் ஆர்நாட்டும் தென் மாவட்டங்களின் குடைவேலையும், அதாவது உடைமரத்தையும், 'அக்கேசியா பிளானிபிரான்சு' என்ற பெயரில் முதன்முதலாக விவரித்தனர். அவர்கள் கண்ணில் கஸ்தூரிவேலும் குடைவேலும் வெவ்வேறு பேரினங்கள்.

பேரினம் உடைதல்

1972இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் வசால், அக்கேசியாவை மூன்று துணைப்பேரினங்களாக ஒழுங்குபடுத்தினார். 1986இல் குயின்சுலாந்தைச் சேர்ந்த லெஸ்லி பெட்லி, இம்மூன்றும் தனித்தனிப் பேரினங்களாகவே இருக்க வேண்டும் என்றார். அவருடைய திட்டத்தில் கருவேலக் குழு அக்கேசியாவாகவே நின்றது. கொக்கிமுள் குழு 'செனகாலியா' ஆயிற்று. ஆத்திரேலியக் குழு 'ரகோசுபெர்மா' என்ற பழைய பெயரைப் பெற்றது. ஆத்திரேலியரான பெட்லியே தம் நாட்டு மரங்களுக்கு அக்கேசியா என்ற பெயர் உரியதன்று என்று எழுதியது குறிப்பிடத்தக்கது. ஆனால் அவருடைய திட்டம் அப்போது பரவலாக ஏற்கப்படவில்லை.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பசுங்கணிக மரபணுக்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் நிலைமையை மாற்றின. பழைய அக்கேசியாவில் அடங்கிய சிற்றினங்கள் அனைத்தும் தமக்கே உரிய ஒரு மூதாதையின் வழியில் வந்தவை அல்ல என்று அவை காட்டின. ஆத்திரேலியக் குழு, கருவேலத்தைவிட வாகையின் உறவுக் கூட்டத்துக்கு நெருக்கமாக இருந்தது. எனவே பல தாள்கள் என்ற ஒரே அடையாளம் இயற்கையான உறவைக் காட்டவில்லை என்பது உறுதியானது. பிரிப்பது தவிர்க்க இயலாததாகியது; பழைய பெயரை எந்தக் குழு வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது.

வகைமாதிரி விதி

பன்னாட்டுத் தாவரவியல் பெயர்சூட்டுச் சட்டத்தில் இதற்கு நேரான விடை உண்டு. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு சிற்றினத்துடன் கட்டப்பட்டிருக்கும். அச்சிற்றினம் அப்பேரினத்தின் வகைமாதிரி எனப்படும். பேரினம் எத்தனை துண்டாக உடைந்தாலும், வகைமாதிரி எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்கே பழைய பெயர் செல்லும். எந்தத் துண்டு பெரியது, எந்த நாடு அப்பெயரை அதிகம் பயன்படுத்துகிறது என்பவை கணக்கில் வாரா.

அக்கேசியாவின் வகைமாதிரி கருவேலம். ஆகவே, விதிப்படி கருவேலக் குழுவே அக்கேசியாவாக நீடிக்கும். அக்குழுவில் ஏறத்தாழ 160 சிற்றினங்கள் இருந்தன. ஆத்திரேலியக் குழுவிலோ 950க்கும் மேற்பட்டவை. இவை அனைத்தும் ரகோசுபெர்மா ஆக வேண்டியிருந்தது. மேலும், இலத்தீன் இலக்கணப்படி அக்கேசியா பெண்பாற் சொல். ரகோசுபெர்மா அஃறிணைப்பாற் சொல். எனவே பேரினப் பெயருடன் பல அடைமொழிகளின் ஈறும் மாறும். 'அக்கேசியா பிக்னாந்தா' என்பது 'ரகோசுபெர்மம் பிக்னாந்தம்' என்றவாறு அன்றி 'ரகோசுபெர்மா பிக்னாந்தம்' என்று எழுதப்படும். அந்தப் பிக்னாந்தாதான் 1988இல் ஆத்திரேலியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் உள்ளது. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவது பெரும் குழப்பத்தை உண்டாக்கும் என்றால், ஒரு பெயரைப் புதிய வகைமாதிரியுடன் பேணிக்கொள்ளலாம். தோட்டக்காரர்களின் செவ்வந்திக்குக் கிரிசாந்திமம் என்ற பெயர் இந்த வழியில்தான் 1990களில் மீட்கப்பட்டது.

வியன்னா 2005

2003இல் ஆத்திரேலியத் தாவரவியலாளர்களான டோனி ஆர்ச்சர்டும் புரூஸ் மாசுலினும் 'டாக்சன்' ஆய்விதழில் ஒரு முன்மொழிவை வெளியிட்டனர். அக்கேசியாவின் வகைமாதிரியைக் கருவேலத்திலிருந்து 'அக்கேசியா பென்னிநெர்விசு' என்ற ஆத்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே அது. மாறவேண்டிய பெயர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அவர்களுடைய முதன்மை வாதம். 950க்கும் மேற்பட்ட பெயர்களை மாற்றுவதைவிட 160 பெயர்களை மாற்றுவது எளிது என்றனர். செனகாலியா எவ்வகையிலும் பிரியப்போவதால் அதன் பெயர்மாற்றம் இரு பக்கக் கணக்கிலும் பொதுவானது.

எதிர்த்தவர்கள் வேறு கணக்கை முன்வைத்தனர். ஆத்திரேலியக் குழுவின் பெரும்பகுதி ஒரே நாட்டில் உள்ளது. கருவேலக் குழுவோ ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா எனப் பல டசன் நாடுகளில் பரவியுள்ளது. அந்நாடுகள் பலவற்றில் விறகு, தீவனம், பிசின், மருந்து, வேலி என அன்றாட வாழ்வு இம்மரங்களைச் சார்ந்திருக்கிறது. சிற்றினங்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணுவது போதாது. அவற்றைப் பயன்படுத்தும் மக்களையும் நாடுகளையும் எண்ண வேண்டும் என்றனர். மெலிசா லக்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் இக்கருத்தை விரிவாக எழுதினர். வகைமாதிரி விதியைத் தளர்த்தினால் அதன் நடுநிலைத் தன்மை குலையும் என்பது அவர்களுடைய மற்றொரு கவலை.

விதைத் தாவரங்களுக்கான குழு 9-க்கு 6 என்ற கணக்கில் முன்மொழிவை ஏற்றது. 2005 சூலையில் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் பெயர்சூட்டுப் பிரிவில் இது வாக்கெடுப்புக்கு வந்தது. பரிந்துரைக்கு எதிராக 247 வாக்குகளும் (54.9 விழுக்காடு) ஆதரவாக 203 வாக்குகளும் (45.1 விழுக்காடு) பதிவாயின. பெரும்பான்மை எதிர்த்தது. ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு வேண்டும் என்ற நடைமுறை பின்பற்றப்பட்டதால் பரிந்துரை நிலைத்தது. சிறுபான்மை வாக்குகள் பெற்ற தரப்பின் முடிவு சட்டமாயிற்று என்று எதிர்ப்பாளர்கள் குறை கூறினர். குழுக்கள் பலமுறை ஆய்ந்து தரும் பரிந்துரையை எளிதில் கவிழ்க்க இடங்கொடுக்கக் கூடாது என்று மற்றவர்கள் பதிலளித்தனர்.

மெல்பர்ன் 2011

அடுத்த மாநாடு 2011இல் ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்தது. வியன்னா முடிவின் செல்லுந்தன்மை அங்கு மீண்டும் விவாதிக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்ட வாக்குகள் அம்முடிவு உட்பட வியன்னாச் சட்டத்தை ஏற்றன. இரு குழுக்களும் அக்கேசியா என்ற சொல்லை ஏதேனும் ஒரு வடிவில் வைத்துக்கொள்ள வழிசெய்யும் சமரச முன்மொழிவுகள் வெற்றி பெறவில்லை. சட்ட அளவில் விவாதம் இத்துடன் முடிந்தது.

கருவேலக் குழுவுக்கு இப்போது ஒரு பெயர் தேவைப்பட்டது. அக்குழுவுக்குள் அடங்கும் மிகப் பழைய பேரினப் பெயர் எது என்று தேடியபோது, வைட்டும் ஆர்நாட்டும் கஸ்தூரிவேலுக்கு இட்ட வாச்செல்லியாவே முன்னின்றது. முன்னுரிமை விதிப்படி அதுவே முழுக் குழுவின் பெயராயிற்று. 2008இல் கருவேலம் 'வாச்செல்லியா நிலோட்டிக்கா' ஆனது. 2013இல் வெள்வேல் 'வாச்செல்லியா லியூக்கோபிளோயா' ஆனது. 2014இல் குடைவேல் 'வாச்செல்லியா பிளானிபிரான்சு' ஆனது. 180 ஆண்டுகளுக்கு முன் ஒரே நூலில் இரு பேரினங்களாகப் பிரித்து எழுதப்பட்ட கஸ்தூரிவேலும் குடைவேலும் இவ்வாறு ஒரே பேரினத்தில் சேர்ந்தன.

இன்றைய பிரிப்பு

பழைய அக்கேசியா இன்று பின்வரும் பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

அக்கேசியா: 1,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள்; பெரும்பாலானவை ஆத்திரேலியாவுக்குரியவை. இலையடிச் செதில் முட்கள் பொதுவாக இல்லை. பலவற்றில் முதிர்ந்த செடி தட்டையான காம்பிலைகளைத் தாங்கும். நாற்றில் மட்டும் இருமடிச் சிறகுக் கூட்டிலை தோன்றும். சிலவற்றில் கூட்டிலை வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.

வாச்செல்லியா: ஏறத்தாழ 160 சிற்றினங்கள். கணுவில் இரண்டு நேர்முட்கள் இணையாக இருக்கும். கருவேலம், வெள்வேல், குடைவேல், கஸ்தூரிவேல் ஆகியவை இதில் அடங்கும்.

செனகாலியா: ஏறத்தாழ 200 சிற்றினங்கள். இலையடிச் செதில்கள் முட்களாவதில்லை. தண்டில் கொக்கி போன்ற முட்கள் இருக்கும். சீகைக்காய், காசுக்கட்டி மரம், சூடான் நாட்டு அரபுப் பிசின் மரம் ஆகியவை இதில் அடங்கும்.

அக்கேசியெல்லா, மரியோசௌசா: அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சிறிய பேரினங்கள். 2017இல் செனகாலியாவிலிருந்து மேலும் இரு சிறு பேரினங்கள் பிரிக்கப்பட்டன.

கொன்றையும் வன்னியும்

அக்கேசியாவுக்கு நேர்ந்தது விதிவிலக்கு என்பதை நமக்கு அறிமுகமான இரண்டு மரங்கள் தெளிவாக்கும். 1982இல் கேசியா என்ற பெரும் பேரினம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சென்னா பிரிவு அளவில் பெரியது. ஆவாரை அதற்குச் சென்றது. ஆனால் கேசியாவின் வகைமாதிரி சரக்கொன்றை. ஆகவே, சுமார் 30 சிற்றினங்கள் மட்டுமே கொண்ட சிறிய கொன்றைக் குழுவே கேசியா என்ற பெயரை வைத்துக்கொண்டது.

2022இல் புரோசோப்பிசு பேரினத்துக்கும் இதே விதி பயன்பட்டது. அதன் வகைமாதிரி நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. எனவே வன்னி புரோசோப்பிசாக நின்றது. எண்ணிக்கையில் மிகுந்த அமெரிக்கச் சிற்றினங்கள் வேறு பெயர்களுக்கு நகர்ந்தன. தமிழ்நாட்டின் நீர்நிலைகளை ஆக்கிரமித்துள்ள சீமைக் கருவேலம் அவ்வாறு 'நெல்டூமா சூலிபுளோரா' ஆயிற்று. கருவேலம் என்ற சொல் அதன் பெயரில் ஒட்டியிருந்தாலும் அது ஒருபோதும் கருவேலக் குழுவைச் சேர்ந்ததன்று.

கொன்றைக்கும் வன்னிக்கும் கிடைத்த பாதுகாப்பு கருவேலத்துக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கை வாதம் அங்கெல்லாம் எழுந்து வெல்லவில்லை, இங்கு வென்றது. அதற்குக் காரணம் மாறவேண்டியிருந்த பெயர்களின் அளவு மட்டுமா, அல்லது மாநாட்டுக்கு வந்து வாதாடி வாக்களிக்கும் வாய்ப்பு எல்லா நாட்டுத் தாவரவியலாளருக்கும் ஒன்றுபோல் இல்லாததும் சேர்ந்ததா என்பது இன்றும் கேட்கப்படும் கேள்வி.

பெயர் மாற்றத்தின் விளைவு

இந்தியாவில் இயல்பாக வளரும் வேல மரங்கள் எதுவும் இன்றைய பொருளில் அக்கேசியா அல்ல. தமிழ்நாட்டில் உள்ள அக்கேசியாக்கள் ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நீலகிரியில் நடப்பட்டு, பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் பரப்பப்பட்ட வாட்டில் மரங்கள் அவற்றுள் முதன்மையானவை. இம்மரங்கள் மலைப்புல்வெளிகளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டதால் அவற்றை அகற்றும் பணி நடைபெறுகிறது. நீலகிரி மக்கள் அவற்றைச் 'சீகை மரம்' என்கின்றனர். உள்ளூர்க் கொடியான சீகையின் பெயர் மக்கள் வழக்கிலும் ஓர் ஆத்திரேலிய மரத்துக்குச் சென்றிருக்கிறது.

மாணவர்களுக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. பேரினப் பெயர் மாறினாலும் சிற்றின அடைமொழி பெரும்பாலும் மாறுவதில்லை. மிமோசா நிலோட்டிக்கா, அக்கேசியா நிலோட்டிக்கா, வாச்செல்லியா நிலோட்டிக்கா என்ற மூன்றும் ஒரே கருவேலத்தைக் குறிக்கும். வனத்துறைப் பலகை, பழைய மருத்துவ நூல், புதிய ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றை ஒப்பிடுகையில் அடைமொழியைப் பிடித்துக்கொண்டு தேடினால் மரம் தவறாது. அக்கேசியா என்று மட்டும் எழுதியிருந்தால், நூல் வெளிவந்த ஆண்டையும் ஆசிரியர் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறார் என்பதையும் பார்த்த பிறகே அது எந்த மரம் என்று முடிவு செய்ய வேண்டும்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேலத்தில் எதுவும் மாறவில்லை. வெள்ளை இணைமுட்கள், மஞ்சள் உருண்டைப் பூக்கள், மணிமாலைபோல் இடைசுருங்கிய காய்கள் என அதன் அடையாளங்கள் டயோஸ்கோரிடிஸ் காலத்தில் இருந்தவையே. முள்ளைக் குறித்து அதற்கு இடப்பட்ட கிரேக்கப் பெயரை இன்று பெரும்பாலும் முள்ளில்லாத மரங்கள் தாங்குகின்றன. அதற்கு ஈடாகக் கருவேலத்துக்குக் கிடைத்தது, தென்னிந்தியச் செடிகளுக்காக எழுதப்பட்ட ஒரு நூலில் பிறந்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பெயர்.